கழன்று போன எழுத்துகள்: ஏஇஜி இலச்சினையின் வரலாறு

மின்சாரம் கண்ணுக்குப் புலப்படாத சரக்கு. அரிசியை அள்ளிப் பார்க்கலாம், துணியைத் தடவிப் பார்க்கலாம், இரும்பைத் தட்டிப் பார்க்கலாம். கம்பிக்குள் ஓடும் மின்னோட்டத்தையோ, மூடிய உறைக்குள் சுற்றும் மோட்டாரின் தரத்தையோ வாங்குபவர் தம் புலன்களால் சோதித்தறிய வழியில்லை. ஆகவே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மின்தொழிலில் இறங்கிய நிறுவனங்கள், பொருளின்மேல் பொறித்த ஒரு குறியை முன்வைத்தே வாங்குபவரின் நம்பிக்கையைப் பெற வேண்டியிருந்தது. அந்நிறுவனங்களுள் ஒன்றான பெர்லின் நகரத்து ஏஇஜி, கால் நூற்றாண்டுக்குள் தன் குறியை மீண்டும் மீண்டும் மாற்றி, 1912இல் மூன்றே எழுத்துகளாலான ஓர் எளிய வடிவத்தை வந்தடைந்தது. நிறுவனம் கலைக்கப்பட்ட பின்னரும் அந்த மூன்று எழுத்துகள் கடைவீதியில் உலவுகின்றன. ஒரு குறி எளிமையாக ஆக, அது தன்னைப் பிறப்பித்த நிறுவனத்திலிருந்து பிரிந்து செல்லவும் எளிதாகிறது என்பதே இவ்வுரை நிறுவ முற்படும் கருத்து.

இங்கு ஆளப்படும் இலச்சினை என்னும் சொல் முதலில் அரசமுத்திரையைக் குறித்தது. சோழர் செப்பேடுகளில் ஏடுகளைக் கோத்த வளையத்தின் இரு முனைகளும் சேரும் இடத்தில் முத்திரை பதிந்திருக்கும். வளையத்தை வெட்டாமல் ஓர் ஏட்டை உருவவோ வேறோர் ஏட்டைச் செருகவோ முடியாது. முத்திரையின் மதிப்பு அதன் அழகில் மட்டும் இருக்கவில்லை, ஆவணத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைந்திருந்ததிலும் இருந்தது. தொழில்துறைக் காலத்து இலச்சினையோ, நிறுவனத்தின் பெயரையும் பண்பையும் சுருக்கிக் காட்டும் வரைவடிவம். அதற்குச் சட்டம் அளிக்கும் உரிமை வணிகக்குறி எனப்படும். முத்திரைக்கும் வணிகக்குறிக்கும் இடையே உள்ள தொலைவை ஏஇஜியின் வரலாறு தெளிவாக அளந்து காட்டுகிறது.

நிறுவனத்தின் தோற்றம் ஒரு கண்காட்சியோடு தொடர்புடையது. 1881இல் பாரிசில் நடந்த பன்னாட்டு மின்பொருள் கண்காட்சியில் எடிசனின் மின்விளக்கைக் கண்ட பொறியாளர் எமில் ராத்தெனாவ், எடிசனின் காப்புரிமைகளை ஜெர்மனியில் பயன்படுத்தும் உரிமையைப் பெற்று, 1883இல் பெர்லினில் ‘ஜெர்மன் எடிசன் கழகம்’ என்னும் பொருள்படும் பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1887இல் அப்பெயர் ‘அல்கெமைனெ எலெக்ட்ரிசிட்டேட்ஸ் கெசல்ஷாஃப்ட்’ என மாறியது. பொது மின்சார நிறுவனம் என்பது அதன் பொருள். எடிசன் என்னும் புகழ்பெற்ற பெயர் நீங்கிய இடத்தில், எவருடைய பெயரையும் தாங்காத, சொல்வதற்கே மூச்சு வாங்கும் நீண்ட தொடர் ஒன்று வந்து அமர்ந்தது. அத்தொடரைச் சுருக்கி ஜெர்மானிய ஒலிப்பில் ‘ஆ ஏ கே’ என்று மக்கள் சொல்லத் தொடங்கியதும், அந்த மூன்று எழுத்துகளுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது.

ஆனால் நிறுவனத்தின் தொடக்ககால விளம்பரங்களில் முன்னின்றது எழுத்தன்று, பெண்ணுருவம். 1888இல் லூயி ஷ்மிட் வரைந்த ‘ஒளித் தெய்வம்’ என்னும் படத்தில், இறக்கை முளைத்த சக்கரத்தின்மேல் அமர்ந்த ஒரு தேவி கையில் மின்விளக்கை உயர்த்திப் பிடித்திருப்பாள். புதிய கண்டுபிடிப்பு ஒன்றை மக்களுக்கு அறிமுகப்படுத்தும்போது அவர்களுக்கு ஏற்கெனவே பழகிய உருவகத்தின் துணையை நாடுவது அக்காலத்து வழக்கம். தெய்வத்தின் கையில் இருந்தமையால் விளக்கு ஓர் அற்புதமாகக் காட்சியளித்தது. எனினும் இவ்வுருவகத்துக்கு ஒரு குறை இருந்தது: ஒளியைத் தரும் தேவியை எந்த மின்நிறுவனமும் தன் விளம்பரத்தில் வைத்துக்கொள்ளலாம். அவள் மின்சாரத்தைக் குறித்தாளேயன்றி, மின்பொருள்களைச் செய்த ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தைக் குறிக்கவில்லை.

எழுத்துகளை முதன்மையாகக் கொண்ட வடிவம் 1896இல் வந்தது. அவ்வாண்டு பெர்லினில் பெரிய தொழிற்கண்காட்சி நடந்தது. அதையொட்டிக் கட்டடக் கலைஞர் ஃபிரான்ஸ் ஷ்வெக்டன் நிறுவனத்துக்கு ஓர் இலச்சினை வரைந்தார். பெர்லினின் அன்ஹால்ட் ரயில் நிலையத்தையும் கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயத்தையும் கட்டியவர் அவர். இடைக்காலக் கட்டட மரபுகளைப் புதுக்கட்டடங்களுக்குச் சூட்டுவதில் தேர்ந்தவர். புரூனன் தெருவில் ஏஇஜி தொழிற்சாலைக்கு அவர் எழுப்பிய செங்கல் நுழைவாயில், ஒரு பழைய நகரத்தின் கோட்டைவாயிலைப் போன்றே தோன்றும். அதே மனப்பாங்கில் அமைந்த அவருடைய இலச்சினையில் மூன்று எழுத்துகளும் சுருள்களோடும் அணிவேலைப்பாட்டோடும் பின்னிக் கிடந்தன. தோன்றிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆன நிறுவனத்துக்கு இல்லாத பழமையை அந்த அணி கடனாகக் கொடுத்தது.

அணிவேலைப்பாட்டுக்கு அழகுணர்ச்சியோடு சட்டமும் ஒரு துணையாக நின்றது. 1894ஆம் ஆண்டின் ஜெர்மானிய வணிகக்குறிச் சட்டம், வெறும் எண்களாலோ வெறும் எழுத்துகளாலோ மட்டும் அமைந்த குறிகளைப் பதிவுக்கு ஏற்கவில்லை. எழுத்து எல்லோருக்கும் பொதுவானது, அதைத் தனியொருவர் உடைமையாக்கக் கூடாது என்பது அதன் உட்கிடை. ஆகவே எழுத்துகளை உரிமையாக்கிக்கொள்ள விரும்பிய நிறுவனம், அவற்றை ஓவியமாகவே மாற்றியாக வேண்டியிருந்தது. சுருளும் சட்டகமும் பின்னலும், பொதுச்சொத்தான எழுத்தைச் சுற்றி நிறுவனம் எழுப்பிய வேலி எனலாம்.

1900ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக ஏஇஜி வேறொரு கலைஞரை நாடியது. ஓட்டோ எக்மன் ஓவியராக இருந்தவர். 1894இல் தம் ஓவியங்களை ஏலத்தில் விற்றுவிட்டு, எழுத்து, துணி, நூல் ஒப்பனை ஆகிய பயன்கலைகளுக்குத் திரும்பியவர். யூகெண்ட்ஷ்டீல் எனப்படும் பாணி, பழைய கட்டட மரபுகளைப் படியெடுப்பதை விடுத்து, செடிகொடிகளின் வளைவுகளிலிருந்து அணியைப் பெற்றது. எக்மனின் ஏஇஜி எழுத்துகள் அப்பாணியைச் சேர்ந்தவை. தூரிகை ஓரிடத்தில் அழுந்தி ஓரிடத்தில் மெலிந்து சென்ற தடம் அவற்றில் தெரியும். ஷ்வெக்டனின் வடிவம் கடந்த காலத்திடம் பெருமையை இரந்தது என்றால், எக்மனின் வடிவம் தன் காலத்து நாகரிகத்தோடு கைகோத்தது. ஆனால் நாகரிகம் விரைவில் மூப்படையும். அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்த வளைவுகள் சலிப்பூட்டத் தொடங்கின. எக்மனும் 1902இல் மறைந்தார்.

இவ்விரு வடிவங்களுக்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு. நிறுவனம் செய்தவை விளக்கு, மோட்டார், மின்னாக்கி, கம்பிவடம், மின்விசிறி, டர்பைன் எனப் பலவகைப்பட்டன. நீராவியின் விசையால் சுழன்று மின்னாக்கியை இயக்கும் பெரும்பொறியே டர்பைன். ஒரே குறி, விளக்கின் அடிமூடியில் நகக்கண் அளவிலும், தொழிற்சாலை முகப்பில் ஆள் உயரத்துக்கு மேலும் பொறிக்கப்பட வேண்டும். தாளில் மையாகவும், பித்தளைத் தகட்டில் பள்ளமாகவும், வார்ப்பிரும்பில் மேடாகவும் வர வேண்டும். தூரிகையின் மெல்லிய இழுப்பு விலைப்பட்டியலின் அட்டையில் பொலிவாக இருக்கும். அதையே சிறு தகட்டில் அழுத்தினால் மெல்லிய கோடு மறைந்து தடித்த பகுதி மட்டும் திட்டாக எஞ்சும். கையால் எழுதிய வடிவத்துக்கும் எந்திரத்தால் பதிக்கும் வேலைக்கும் இருந்த இந்த முரணைத் தீர்க்கும் பொறுப்பு அடுத்து வந்தவர்மேல் விழுந்தது.

அவர் பீட்டர் பெரென்ஸ். 1868இல் ஹாம்பர்கில் பிறந்து, எக்மனைப் போலவே ஓவியராகத் தொடங்கியவர். டார்ம்ஷ்டாட் நகரின் கலைஞர் குடியிருப்பில் 1901இல் தமக்கென அவர் கட்டிய வீட்டில், சுவர் முதல் மேசைக்கரண்டி வரை எல்லாம் அவருடைய வரைவின்படியே அமைந்தன. பின்னர் டூசல்டார்ஃப் நகரத்துப் பயன்கலைப் பள்ளியின் இயக்குநராக இருந்த அவரை, நிறுவன இயக்குநர்களுள் ஒருவரான பவுல் யோர்டானின் முயற்சியால், ஏஇஜி 1907இல் கலை ஆலோசகராக அமர்த்தியது. அதே ஆண்டு அக்டோபரில் மியூனிக்கில் தோன்றிய டாயிட்ஷர் வெர்க்பண்ட், அதாவது கலைஞர்களையும் தொழில் உற்பத்தியாளர்களையும் ஒன்றிணைக்க முயன்ற சங்கம், பெரென்சையும் தன் நிறுவனர்களுள் ஒருவராகக் கொண்டிருந்தது. ஒரு வீட்டுக்கு அவர் செய்ததை ஒரு பெருந்தொழிலுக்குச் செய்யும் வாய்ப்பு இப்போது கிடைத்தது: கட்டடம், விளக்கு, சுவரொட்டி, கடைமுகப்பு, விலைப்பட்டியல், எழுத்துரு ஆகிய யாவும் ஒரே கையின் மேற்பார்வைக்குள் வந்தன. பிற்காலத்தில் நிறுவன அடையாளம் என்று பெயர் பெற்ற துறைக்கு இதையே தொடக்கமாகப் பல வரலாற்றாசிரியர்கள் கொள்கின்றனர்.

பெரென்ஸ் 1908இல் வகுத்த இலச்சினை தேன்கூட்டை ஒத்தது. ஒரு பெரிய அறுகோணத்துக்குள் சிறிய அறுகோண அறைகள். அறைக்கு ஓர் எழுத்து. இதன் நுட்பம் மூன்று உரோமானிய எழுத்துகளின் இயல்பைக் கருதினால் விளங்கும். ‘ஏ’ என்பது மேலே கூர்ந்து கீழே விரியும் முக்கோணம். ‘இ’ இடப்பக்கம் மூடி வலப்பக்கம் திறந்த நேர்க்கோட்டு வடிவம். ‘ஜி’ ஏறக்குறைய வட்டம். முக்கோணத்தையும் சதுரத்தையும் வட்டத்தையும் வரிசையில் நிறுத்தினால் இடைவெளிகள் ஒத்துவராமல் கண் இடறும். ஷ்வெக்டன் அந்த இடறலைப் பின்னலால் மறைத்தார்; எக்மன் வளைவால் இழைத்தார்; பெரென்ஸ் ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் குடியமர்த்தி, அறைகளின் ஒப்புமையால் எழுத்துகளின் ஒவ்வாமையைச் சமன் செய்தார். அளவுகோலும் கவராயமும் கொண்டு எவரும் அதைத் திரும்ப வரையலாம் என்பதால், கலைஞரின் கையசைவை அது சார்ந்திருக்கவில்லை.

அந்தத் தேன்கூட்டின் மிகப் பெரிய பதிப்பு தாளில் அமையவில்லை. பெர்லினின் மொவாபிட் பகுதியில், பொறியாளர் கார்ல் பெர்ன்ஹார்டின் துணையோடு பெரென்ஸ் 1909இல் கட்டிய டர்பைன் கூடத்தின் முகப்பில் அது இடம்பெற்றது. வளைந்த கூரையைப் பின்பற்றிப் பலமுகமாக மடியும் முகட்டுச் சுவரின் நடுவே அறுகோணம். அதன் கீழே டர்பைன் தொழிற்சாலை என்னும் பொருள்படும் ஒரே சொல். அதற்கும் கீழே நெடிய கண்ணாடிப் பரப்பு. பக்கத் தெருவில் நடந்து செல்பவர், ஒவ்வோர் எஃகுத் தூணும் தரையருகே ஒரு கீல்மூட்டின்மேல் ஊன்றி நிற்பதைக் கைக்கெட்டும் உயரத்தில் காணலாம். பெரும் பாரம் தாங்குவன போலத் தோன்றும் மூலைச்சுவர்கள் உண்மையில் கூரையின் பாரத்தைச் சுமப்பதில்லை என்பதை அன்றே சிலர் குறைகூறினர். எவ்வாறாயினும், இக்கட்டடத்தில் இலச்சினை ஒட்டவைத்த பலகையாக இல்லாமல், கூரையின் கோணங்களோடு உறவாடும் உறுப்பாகவே அமைந்தது.

எழுத்துருவும் அதே வேளையில் உருவாயிற்று. ஜெர்மனியில் அன்று இருவகை எழுத்துகள் வழங்கின: முறிந்த கோடுகளாலான பழைய ஃபிராக்டூர், உரோமானியக் கல்வெட்டு மரபில் வந்த அன்டிக்வா. இவற்றுள் எது நாட்டுக்கு உரியது என்னும் வழக்கு 1911இல் நாடாளுமன்றம் வரை சென்றது. ஏற்றுமதியை நம்பிய நிறுவனத்துக்கு அயல்நாட்டார் படிக்கக்கூடிய எழுத்தே தேவை. ஓஃபன்பாகின் கிளிங்ஸ்போர் வார்ப்பகம் 1908இல் வெளியிட்ட ‘பெரென்ஸ் அன்டிக்வா’ அத்தேவையை நிறைவேற்றியது. அதன் கோட்டு முனைகளில் காணும் மெல்லிய விரிவு, கல்லில் உளி பதிந்து நின்ற இடத்தை நினைவூட்டும்.

பெரென்சின் முறையை விளக்க ஒரு வீட்டுப்பொருள் போதும். 1909இல் வெளிவந்த ஏஇஜி மின்கெட்டில்களுக்கு மூன்று அடிப்படை வடிவங்கள் இருந்தன. பித்தளை, செம்பு, நிக்கல் பூச்சு என உலோகம் மாறும். மேற்பரப்பு வழவழப்பாகவோ சுத்தியலால் தட்டினாற்போலவோ இருக்கும். மூடி, கைப்பிடி, அடித்தாங்கி ஆகியவற்றிலும் மாற்று உண்டு. சில உறுப்புகளை மாற்றி மாற்றிப் பூட்டியதால் 30 வகைக் கெட்டில்கள் விற்பனைக்கு வந்தன. ஆயினும் எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. இலச்சினையும் இத்தகைய உறுப்புகளுள் ஒன்றாகவே கருதப்பட்டது: எங்கும் பொருந்த வேண்டும், எங்கும் மாறாமல் இருக்க வேண்டும், எடுத்துப் பூட்டத் தக்கதாக இருக்க வேண்டும்.

இவ்வெண்ணத்தின் முடிவாக வந்ததே 1912ஆம் ஆண்டின் வடிவம். அறுகோணம் போயிற்று, உள்ளறைகளின் கோடுகள் போயின, அன்டிக்வா மரபிலமைந்த மூன்று பேரெழுத்துகள் மட்டும் நெருக்கமாக நின்றன. சிறிய அளவில் அச்சிடும்போது தேன்கூட்டின் கோடுகள் எழுத்துகளோடு போட்டியிடும். சட்டகம் நீங்கினால் அப்போட்டி இல்லை. விரைந்தோடும் ஊர்தியில் செல்பவருக்கு நுண்ணிய அணிகள் தெரிவதில்லை, ஒருங்கு திரண்ட தெளிவான உருவமே கண்ணில் நிற்கும் என்று பெரென்ஸ் கட்டடங்களைப் பற்றிக் கூறிவந்த கருத்து, எழுத்துகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. எடிசன் வழியில் அமெரிக்காவில் வளர்ந்த ஜெனரல் எலெக்ட்ரிக், வட்டத்துக்குள் சுருண்ட தன் பழைய முன்னெழுத்துகளை நூறாண்டுக்கு மேலாகப் பெரிதும் மாற்றாமல் காத்துவருகிறது. ஏஇஜியோ அணியையெல்லாம் களைந்து, வேலியில்லாத வெட்டவெளியில் எழுத்துகளை நிறுத்தியது. அந்த அளவுக்குப் பெயர் பரவியிருந்தமையால், காவலுக்குச் சுருள்கள் தேவைப்படவில்லை.

பெரென்சின் பணியகத்தில் கட்டடக் கலைஞர்களான வால்டர் குரோப்பியஸ், மீஸ் வான் டெர் ரோஹே, பின்னாளில் லெ கொர்புசியே எனப் பெயர் பெற்றவர் ஆகிய மூவரும் வெவ்வேறு காலங்களில் பணியாற்றினர் என்பது கலை வரலாற்றில் அடிக்கடி நினைக்கப்படுவது. இலச்சினையின் வரலாற்றுக்கு அதைவிட முக்கியமானது, 1912க்குப் பின் நிறுவனம் கண்ட மாறுதல்களில் அந்த எழுத்துகள் மிகக் குறைவாகவே மாறின என்பது. 1915இல் எமில் ராத்தெனாவ் மறைந்தார். அவருக்குப்பின் நிறுவனத்தைத் தலைமை ஏற்று நடத்திய மகன் வால்டர் ராத்தெனாவ், வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, 1922 ஜூன் 24 அன்று யூத வெறுப்பாளர்களான தீவிர வலதுசாரிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் குடும்பம் வளர்த்த அதே நிறுவனம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கட்டாய உழைப்பாளர்களைக் கொண்டு தொழிற்சாலைகளை ஓட்டியது. எழுத்துகள் அன்றும் அதே தெளிவோடுதான் இருந்தன. நல்ல வரைவு பொருளின் நேர்மையைக் காட்டும் என்று வெர்க்பண்ட் காலத்தவர் நம்பினர். பொருளைச் செய்தவரின் நேர்மைக்கு அது சான்றாகாது என்பதை அவ்வாண்டுகள் காட்டின.

போருக்குப் பின் தலைமையகம் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு மாறியது; சலவை எந்திரமும் குளிர்பதனப் பெட்டியும் வீடுகளுக்குள் நுழைந்தன. ‘அனுபவத்தால் நல்லது’ என்னும் பொருள்படும் ஜெர்மானிய விளம்பரத் தொடர், ஏ, இ, ஜி என்னும் எழுத்துகளிலேயே தொடங்கும் மூன்று சொற்களால் ஆனது. மக்களும் சும்மா இருக்கவில்லை: ‘பிரி, போடு, ஓடவில்லை’ என்று பொருள்தரும் சொற்களை அதே எழுத்துகளுக்கு ஏற்றிக் கேலி செய்தனர். எழுத்துகள் எதற்கும் இடம் கொடுக்கும் வெற்றுக்கலமாகிவிட்டன என்பதற்கு, விளம்பரமும் கேலியும் ஒருசேரச் சான்று பகர்கின்றன.

1967இல் துணைநிறுவனமான டெலிஃபுங்கனோடு இணைந்து ஏஇஜி டெலிஃபுங்கன் ஆன நிறுவனம், கடன் பெருகி 1982 ஆகஸ்டில் நீதிமன்றத்தின் வழியே கடன்காரர்களோடு உடன்பாடு தேட நேர்ந்தது. 1985இல் டைம்லர் பென்ஸ் அதைக் கைக்கொண்டது. 1996இல் நிறுவனமே கலைக்கப்பட்டது. வீட்டுப்பொருள் பிரிவு 1994இலேயே சுவீடனின் எலெக்ட்ரோலக்ஸ் வசம் சென்றிருந்தது. 2005இல் ஏஇஜி என்னும் வணிகக்குறியின் உரிமையும் அதனிடம் வந்தது. குறியைப் பயன்படுத்த மற்ற உற்பத்தியாளர்களுக்கும் கட்டணத்தின் பேரில் உரிமம் வழங்கப்படுகிறது. ஒரே எழுத்துகளைத் தாங்கிய இரு பொருள்கள் ஒரே கூரையின்கீழ்ச் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அதே 2005ஆம் ஆண்டின் டிசம்பரில், நூரன்பெர்க் நகரில் ஏஇஜி வீட்டுப்பொருள்களைச் செய்துவந்த ஆலையை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. அங்கே வேலை செய்த சுமார் 1,700 பேர் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தும் முடிவு மாறவில்லை. 2007இல் உற்பத்தி நின்றது. எழுத்துகளை வாங்க ஆள் இருந்தது, ஆலையை வைத்திருக்க ஆள் இல்லை.

இதை வரைவுக்கலையின் வெற்றியாகக் கருதுவோர் உண்டு. நிறுவனத்தைக் காட்டிலும் நீண்ட ஆயுள் கொண்ட குறியைப் படைத்தவர் பெரென்ஸ் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் எங்கும் எடுத்துப் பூட்டும்படி செய்த உறுப்பை, எவரும் கழற்றிக்கொள்ளவும் முடியும். ஷ்வெக்டனின் சுருள் பெர்லினின் செங்கல் வாயிலை நினைவூட்டியது. எக்மனின் வளைவு 1900ஆம் ஆண்டைவிட்டு நகரவில்லை. 1908இன் தேன்கூடு ஒரு கூரையின் கோணங்களோடு உறவு கொண்டிருந்தது. 1912இன் எழுத்துகளுக்கு ஊரும் இல்லை, ஆண்டும் இல்லை, சுவரும் இல்லை. செப்பேட்டு முத்திரை வளையத்தோடு பிணைந்திருந்ததால் சான்றாயிற்று. இவ்வெழுத்துகள் எதனோடும் பிணையாமையால் விலைபொருளாயின.

மொவாபிட்டின் டர்பைன் கூடம் 1956 முதல் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். ஏஇஜியும் அதன் நெடுநாள் போட்டியாளரான சீமன்சும் 1969இல் கூட்டாகத் தொடங்கிய மின்நிலைய நிறுவனம் 1977இல் முழுவதும் சீமன்சுக்கே உரியதாயிற்று. கூடமும் அதன் கைக்குப் போயிற்று. இன்றும் அங்கே சீமன்ஸ் வழிவந்த நிறுவனம் எரிவாயு டர்பைன்களைச் செய்கிறது. சட்டகத்தைக் களைந்த எழுத்துகள் கைமாறிச் சென்றுவிட்டன. சட்டகத்தோடு சுவரில் பதிந்த அறுகோணமோ போட்டியாளரின் தொழிற்சாலை நெற்றியில், ஏ, இ, ஜி என்னும் எழுத்துகளைத் தாங்கியபடி அப்படியே இருக்கிறது. ஏஇஜிக்காக எழுப்பிய சுவரில், அதன் டர்பைன்கள் உருவான கூடத்தின்மேல், விலைபோகாமல் எஞ்சிய குறி அது.